கல்லா மூடும்வரை எச்சில் கூடாது

நின்று பாருங்கள். பெரம்பலூர்க் கடைவீதியில் விளக்கு வைத்தாகிவிட்டது. மூன்று மாடித் துணிக்கடையின் வாசலில் சாம்பிராணி புகைகிறது. உள்ளே, குளிரூட்டிய கூடத்தில், மெத்தை நாற்காலியில் சாய்ந்து ஒரு குடும்பம் ரோஸ்மில்க் அருந்திக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் எதிரே ஒரு பெண் நிற்கிறாள். பிற்பகலில் நிற்கத் தொடங்கியவள். கடை அடைக்கும்வரை நிற்பாள். அவள் கையில் பட்டுப்புடவை இருக்கிறது. அவள் வயிற்றில் ஒன்றுமில்லை.

இந்த அநீதிக்குச் சாட்சியாக நிற்க உங்களை அழைக்கிறேன். விவகாரம் அந்தப் பெண்ணின் உடல் எடையைப் பற்றியது. சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கலாம்.

அவள் பெயர் தேவயானி. மீன்சுருட்டி என்ற ஊர்க்காரி. தாயும் தகப்பனும் முந்திரித் தோப்புகளில் கூலி வேலை செய்கிறார்கள். இவள் அரியலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். காலையில் அரியலூர் பேருந்து, மதியம்வரை வகுப்பு, பிறகு பெரம்பலூர் பேருந்து, மூன்று மணிக்குக் கடை. தங்குவது கடைக்குப் பின்னால், விற்பனைப் பெண்களுக்கென்று இருக்கும் விடுதியில். கல்லூரிக் கட்டணம் இந்தக் கடையில் நின்று சம்பாதிப்பது. கடையின் முதலாளி ராஜதுரை, “படிக்கும் பெண்களுக்கு அரை ஷிப்ட் கொடுத்துக் கைதூக்கிவிடுகிறோம்” என்று ஊரின் எல்லா விழா மேடைகளிலும் பேசுவார். கைதட்டலும் வாங்குவார்.

மேடையில் அவர் பேசாத செய்தி ஒன்று உண்டு. மாலையில் விளக்கு வைத்த பிறகு, இரவு கல்லாவை மூடிச் சூடம் காட்டும்வரை, வேலை செய்கிறவர் எவரும் கடைக்குள் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. திறந்திருக்கும் கல்லாவின் முன்னால் எச்சில் பட்டால் லட்சுமி எழுந்து போய்விடுவாளாம். ராஜதுரையின் தகப்பனார் சிறிய கடையில் துண்டும் வேட்டியும் விற்ற காலத்திலிருந்து வரும் வழக்கமாம். தகப்பனார் ஏழரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டுத் தம் ஆட்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை மட்டும் மகனுக்கு எவரும் நினைவூட்டுவதில்லை. மகன் பத்தரை மணிக்கு அடைக்கிறார். நேரம் நீண்டது, வழக்கம் அப்படியே நின்றது.

இதன் விளைவை உடல்தான் சுமக்கும். சூடம் காட்டி முடிந்து பெண்கள் விடுதிக்குத் திரும்பும்போது பதினொரு மணி. முதலாளி செலவில் புரோட்டாவும் சால்னாவும் காத்திருக்கும். பசி கண்ணை மறைக்கும் நேரத்தில் எவள் அளவு பார்ப்பாள்? தின்ற கையோடு படுக்கை. இருட்டு விலகுமுன் எழுந்து பேருந்து பிடிக்கும் மாணவிக்குக் காலையில் எதுவும் தொண்டையில் இறங்காது. வகுப்பில் உறக்கம் வந்தால் சர்க்கரை போட்ட தேநீர், கடையில் கால் வலித்தால், விளக்கு வைக்குமுன் வாசலுக்கு வரும் இன்னொரு தேநீர். இரண்டாண்டு இப்படி. வேலைக்குச் சேர்ந்தபோது தேவயானி ஒல்லியான பெண். இன்றைய உடம்பை அவள் மீன்சுருட்டியிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவரவில்லை. அந்தக் கடை அவளுக்குச் செய்து கொடுத்த உடம்பு அது.

செய்து கொடுத்த கடைதான் பிறகு அவளைக் கேலி செய்தது.

ஆடித் தள்ளுபடிக்குப் புதுச் சீருடை வந்தது. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு அளவெடுத்தாற்போல சுடிதாருக்கு மேல் போட்டுக்கொள்ள எல்லாருக்கும் ஒரே அளவில் மேல்சட்டை. மாடிக் கண்காணிப்பாளர் மணிவேல் பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்வையிட்டார்.

“தேவயானி, கையத் தூக்கு பாப்பம்.”

“தூக்குனா கிழிஞ்சிடும்ணே.”

“பொத்தானப் போட்டுட்டுத் தூக்கு.”

“பொத்தானே எட்டலண்ணே.”

பக்கத்தில் நின்ற சசிகலா, விடுதியில் இவளோடு ஒரே அறையில் இருப்பவள், குறுக்கிட்டாள். “வேற அளவு இருந்தா குடுங்கண்ணே. பாவம், மூச்சுவிட முடியல அவளால.”

“இருக்கே. கீழ பந்தல் துணி வச்சிருக்காங்க, போயிக் கேளு.”

வரிசை சிரித்தது. சிரிக்காதவளுக்கு அடுத்த கேலி தனக்குத்தான் என்று தெரியும். அதனால் எல்லாரும் சிரித்தார்கள். தேவயானியும் சிரித்தாள்.

அன்று மாலை ராஜதுரை அவளைக் கல்லாவுக்கு அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் நல்லவிதமாகத்தான் பேசுவார்.

“உன் நல்லதுக்குச் சொல்றேம்மா. பொடவைய எடுத்துக் காட்டுற பொண்ணப் பாத்துத்தான் கஸ்டமர் பொடவை எடுக்குறாங்க. தீபாவளிக்குள்ள இந்த யூனிபார்ம் உன் ஒடம்புல நிக்கணும். இல்லன்னா குடோனுக்கு மாத்திடுறேன்.”

“குடோன்ல காலைலேருந்து வேலையாச்சே மொதலாளி. காலேஜு?”

“அது உன் கையிலதானம்மா இருக்கு.”

பாருங்கள், எவ்வளவு கச்சிதமான தண்டனை. இறுதியாண்டுப் படிப்பு ஒரு சட்டையின் பொத்தானில் மாட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டு பேருந்தில் தொங்கிப் படித்தவள் பட்டம் வாங்குவாளா மாட்டாளா என்பதை அவள் மதிப்பெண் தீர்மானிக்கப் போவதில்லை. அவள் இடுப்பு தீர்மானிக்கப் போகிறது.

பயந்தவள் முதலில் செய்தது தவறான காரியம். கைப்பேசியில் யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு, வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினாள். இரவுப் புரோட்டாவையும் தொடவில்லை. அந்த வாரம் முடியுமுன் அரியலூர் பேருந்தில், நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தாள். நடத்துநர் வண்டியை மருத்துவமனை வாசலில் நிறுத்தி இறக்கிவிட்டார்.

அங்கே பணியில் இருந்தவர் நர்மதா என்ற இளம் மருத்துவர். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ராத்திரி எத்தன மணிக்குச் சாப்புடுவ?”

“பதினொண்ணு ஆயிடும் டாக்டர்.”

“சர்க்கரை வர்றதுக்கு வாசல்ல நிக்குது. மாதவிலக்கும் தள்ளிப் போவுதுங்கிற. இதுல பட்டினி வேற. பட்டினி கெடந்தா மொதல்ல தசை கரையும், தெம்பு போவும். திரும்பச் சாப்ட ஆரம்பிச்சதும் எடை பழையபடி வந்துடும். மாசம் ரெண்டு கிலோ கொறஞ்சாப் போதும். மெதுவாத்தான் எறங்கணும்.”

“தீபாவளிக்குள்ள எறங்கணும் டாக்டர்.”

“யாரு சொன்னது?”

“மொதலாளி.”

“அவரு எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாரு?”

மயங்கி விழுந்த பிறகு தேவயானி முதல்முறையாகச் சிரித்தாள். நர்மதா சொன்னதில் மாயம் எதுவும் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. கம்பங்கூழோ இரண்டு இட்லியோ போதும். மதியம் சோற்றைப் பாதியாக்கு, காயையும் கீரையையும் இரட்டிப்பாக்கு. முட்டையோ பயறோ தினமும் இருக்கட்டும். தேநீரில் சர்க்கரை வேண்டாம். இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் முடி. வேலை முடிந்து பசித்தால் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் படு. பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரிக்கு ஆட்டோவில் ஏறாமல் நட. விடுமுறை நாளில் தூங்கித் தீர். எடையை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பார்.

எல்லாம் ஏழைப் பெண்ணால் செய்யக்கூடியவை. ஒன்றே ஒன்றைத் தவிர. அரசர்களின் விருந்தையா கேட்டார் மருத்துவர்? ஏழு மணிக்கு ஒரு டப்பா சாப்பாடு என்றார். அதற்குத்தான் அந்த மூன்று மாடியில் இடமில்லை.

ஆனாலும் தேவயானி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். லட்சுமி எட்டிப் பார்க்க மாட்டாள் என்று கடைக்காரர்களே ஒப்புக்கொண்ட இடம். மூன்றாம் மாடியில், பெண் ஊழியர் கழிவறை. இரண்டு சப்பாத்தி, வேகவைத்த பயறு, ஒரு முட்டை. டப்பாவைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு போய், தாழிட்டு, நின்றபடி சாப்பிட்டாள். சசிகலா வெளியே காவல்.

“சீக்கிரம்டி. மணிவேல் அண்ணன் ரெண்டாவது மாடில நிக்கிறாரு.”

“முட்டை எறங்க மாட்டேங்குது.”

“தண்ணியக் குடிச்சு எறக்கு. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?”

“கக்கூஸ்ல எப்புடிச் சாப்புடறதுன்னு எங்க பாடத்துல இல்லடி.”

“நாளைக்கு எனக்கும் ஒரு சப்பாத்தி எடுத்துட்டு வா. எனக்கும் பசிக்குது.”

வாசிப்பவரே, முகத்தைச் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் அந்தச் சுளிப்பு யாரை நோக்கியது என்று நிதானித்துக்கொள்ளுங்கள். ஒருத்தி அங்கே நின்று சாப்பிட்டாள் என்பதற்காகச் சுளிக்காதீர்கள். அவளை அங்கே அனுப்பிவிட்டுக் கல்லாவுக்குச் சாம்பிராணி போட்டவர்களைப் பார்த்துச் சுளியுங்கள்.

சரியான உணவும் சரியான நேரமும் தம் வேலையைச் செய்தன. ஆவணி போய்ப் புரட்டாசி வருவதற்குள் தலைசுற்றல் நின்றது. வகுப்பில் கண் சொக்குவது குறைந்தது. இரவுப் புரோட்டாவை அவள் மற்றப் பெண்களின் தட்டுக்குத் தள்ளிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். எட்டாத பொத்தான்களில் கீழிரண்டு எட்டின. மேல் பொத்தான் மட்டும் பாக்கி. அவசரம் வேண்டாம், அதுவும் வரும் என்றார் நர்மதா.

அப்போதுதான் கழிவறைக்குப் பூட்டு வந்தது. “விளக்கு வச்சதுமே பொண்ணுங்க மேல போயி கூடுதுங்க” என்று மணிவேல் சொன்னார். சாவி கல்லாவுக்குப் போனது. அன்றிலிருந்து கழிவறை போவதற்கும் முதலாளி முன்னால் கை நீட்ட வேண்டும், உடனே திரும்பியும் வர வேண்டும். தேவயானி மறுபடி பதினொரு மணிச் சாப்பாட்டுக்குத் திரும்பினாள். எடை இறங்குவது நின்றது. தீபாவளி நெருங்கியது.

அவள் நேராக ராஜதுரையிடம் போய்க் கேட்டாள்.

“மொதலாளி, பதினஞ்சு நிமிஷம் போதுங்க. வெளில போயி சாப்டுட்டு வந்துடுறேன். டாக்டரே சொல்லியிருக்காங்க.”

“விளக்கு வச்சப்புறம் வயசுப் பொண்ண ரோட்டுக்கு அனுப்பிட்டு உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?”

“அப்ப குடோன்ல ஒரு ஓரமா உக்காந்து...”

“குடோனும் கடைதானம்மா.”

“கஸ்டமருங்க நடுக்கூடத்துலயே குடிக்கிறாங்க, திங்கிறாங்களே மொதலாளி.”

ராஜதுரை பொறுமையாக விளக்கினார். “அவங்க கொண்டாந்து குடுக்குறவங்க. நீ வாங்கிட்டுப் போறவ.”

இந்த வாக்கியத்தை மறுபடியும் வாசியுங்கள். தெய்வம், சம்பிரதாயம், தகப்பனார் காலம் என்று எத்தனை பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தாலும் உள்ளே இருந்தது இதுதான். காசு கொண்டுவருகிற வாயில் ஊறுவது தேன். கூலி வாங்குகிற வாயில் ஊறுவது எச்சில். தொடர்ந்து வேலை வாங்காதே, இடையில் ஓய்வு கொடு என்று சட்டம் சொல்கிறது. உட்கார இருக்கை கொடு என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் அந்தக் கடையின் படியேறி வந்திருந்தால் அதையும் நிற்க வைத்துப் புடவை மடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்தது. உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ளவர்கள். மணப்பெண்ணின் தாய் கிருஷ்ணம்மாள் நடுநாற்காலியில் அமர்ந்தார். ரோஸ்மில்க் வந்தது, தட்டில் வறுத்த முந்திரி வந்தது. முகூர்த்தப் பட்டுகளை எடுத்துக் காட்டும் வேலை தேவயானிக்கு. விரித்தாள், மடித்தாள், விரித்தாள். ஏழு மணி தாண்டியதும் அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. ஒரு புடவை கையிலிருந்து நழுவி விழுந்தது.

“ஏன் பொண்ணே, கை இப்புடி நடுங்குது? சாப்டியா இல்லியா?”

“கடை அடைச்சதும் சாப்புடுவேம்மா.”

“இனிமேதான் அடைக்கப் போறாங்களா? நல்ல கதையா இருக்கு. இந்தா, முந்திரி எடுத்துக்க.”

“வேணாம்மா.”

“நான் ஒண்ணும் எங்க தோப்புலேருந்து அள்ளியாரல. உங்க கடைக்காரரு வச்சதுதான். தின்னு.”

தேவயானி ஒரு கணம் தயங்கினாள். ஒளிந்து சாப்பிட்டு ஒளிந்து சாப்பிட்டு அவளுக்கு அலுத்திருந்தது. தட்டிலிருந்து நாலைந்து முந்திரியை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் எதிரில், வாயில் போட்டு மென்றாள். அவள் தாய் கை கறைபட உடைத்த கொட்டையாகவும் அது இருக்கலாம்.

மணிவேல் பாய்ந்து வந்தார். “என்ன காரியம்டி பண்ற.” கல்லாவிலிருந்து ராஜதுரையும் எழுந்துவிட்டார்.

“நாந்தான் குடுத்தேன். அதுக்கென்ன இப்ப?” என்றார் கிருஷ்ணம்மாள்.

“நீங்க தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்று ராஜதுரை குனிந்தார். “விளக்கு வச்சா எங்க கடையில எச்சில் படக் கூடாது. அப்பா காலத்துலேருந்து ஒரு பழக்கம்.”

“நான் வந்ததுலேருந்து உறிஞ்சிக்கிட்டு இருக்கேனே, இதென்ன தீர்த்தமா?”

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜதுரையும் சேர்ந்து சிரித்தார். “நீங்க மகாலட்சுமியாச்சே.”

“அப்ப இந்தப் பொண்ணு?”

ராஜதுரை மணிவேலுக்குக் கண்ணைக் காட்டினார். மணிவேல் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தேவயானியின் முன்னால் வைத்தார்.

“தெளி” என்றார் ராஜதுரை. “தெளிச்சிட்டு, கல்லாவத் தொட்டுக் கும்புட்டு, தப்புன்னு சொல்லிட்டு வேலையப் பாரு. நான் பெருசா எடுத்துக்க மாட்டேன்.”

புடவை விரித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் கையை நிறுத்தினார்கள். பதினைந்து நாளில் தீபாவளி. ஆறேழு மாதத்தில் பட்டம். ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டால் இன்றைக்கு வேலையும் தங்கும், படிப்பும் தங்கும்.

“நான் சாப்டது தப்பில்லைங்க மொதலாளி” என்றாள் தேவயானி.

“குடோனுக்குப் போறியா?”

“எனக்குக் காலேஜு இருக்கு.”

“அப்ப வூட்டுக்குப் போ.”

அவள் சீருடை மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். புடவை மடித்துப் பழகிய கை. நான்கு மூலையும் சேர மடித்தாள். மஞ்சள் தண்ணீரைத் தெளிக்கச் சொல்லி மணிவேல் சசிகலாவைப் பார்த்தார். சசிகலா தெளித்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்கும் பசி, அவளுக்கும் வீடு இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையை எழுத வைத்தது. கிருஷ்ணம்மாள் பெருமூச்சு விட்டார். “பாவம், பசிச்ச புள்ள” என்றார். தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். பிறகு, “சரி, அந்த மாம்பழக் கலரக் காட்டுங்க” என்றார். கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் எடுத்துக்கொண்டு, பைகள் வாங்கிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

அவர் கெட்டவர் அல்லர். அந்தக் கூடத்தில் நியாயமான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் கேட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அந்தக் கணத்தில் அவர் எழுந்து, விரித்த பட்டுகளை விரித்தபடியே விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருத்துவருக்கு வளையாத வழக்கம், சட்டத்துக்கு வளையாத வழக்கம், அவர் வாசலை எட்டுமுன் தரையில் விழுந்திருக்கும். “அம்மா, இந்தப் பொண்ணு உக்காந்து சாப்புடட்டும், நீங்க வாங்க” என்று ராஜதுரையே நாற்காலி இழுத்துப் போட்டிருப்பார். லட்சுமிக்கு எதிராக அல்ல, லட்சுமியின் சம்மதத்தோடே.

தேவயானி இப்போது மீன்சுருட்டியிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறாள். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். தேர்வுக் கட்டணத்துக்கு அது போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எடை மறுபடியும் மெல்ல இறங்குகிறது. ஒரு மனுஷி ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட வேலையை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கூடத்தில் அவள் நின்ற இடத்தில் இன்று வேறொருத்தி நிற்கிறாள். அவளும் ஒல்லியாகத்தான் சேர்ந்திருக்கிறாள்.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்தக் கூடங்களுக்குள் நீங்கள் போவீர்கள். உங்கள் முன்னால் நிற்கும் பெண்ணிடம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கடை அடைத்ததும் சாப்பிடுவேன் என்று அவள் சொன்னால், பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த நிறத்தைக் கேட்காதீர்கள். எழுந்திருங்கள். ஏன் எழுந்தோம் என்று கல்லாவுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். வெளியே வந்து, பின்னால் வருகிறவரிடமும் சொல்லுங்கள். தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். அவர்களை உட்கார்ந்து சாப்பிட விடும்வரை அந்தப் படிகளில் கால் வைக்காதீர்கள்.